நிறுத்தக் கூடாத வண்டி

ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது பழைய கடைப் பக்கம் போய்விடுவேன். பல்லடம் சாலையில், கார்களுக்குத் திருட்டுத் தடுப்புக் கருவிகள் பொருத்தும் கடை அது. என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. போன மாதம் போயிருந்தபோது ஃபிட்டர்கள் எல்லாரும் ஒரு செல்பேசியைச் சுற்றி நின்றிருந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக் கேமராவில் பதிவான காட்சி அதில் ஓடிக்கொண்டிருந்தது. சாவி வீட்டுக்குள்ளே ஆணியில் தொங்கியிருக்கிறது. வெளியே இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் கையில் ஒரு பெட்டியைப் பிடித்தபடி சுவரோரம் நிற்கிறான். மற்றவன் கார்க் கதவைத் திறக்கிறான், உட்காருகிறான், பொத்தானை அழுத்துகிறான், போய்விடுகிறான். கண்ணாடி உடையவில்லை. சைரன் கத்தவில்லை. சொந்தக்காரர் எடுத்துப் போவது போலவே வண்டி போய்விட்டது.

“சாவி ஊட்டுக்குள்ள இருக்கறப்பவே காரு போகுதுங்கண்ணா. இனி நாம என்னத்தப் பூட்டறது?” என்று கேட்டான் ரமேஷ். என்னிடம் வேலை பழகி, இப்போது கடையின் தலைமை ஃபிட்டராக இருப்பவன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பெட்டி சாவியின் சிக்னலைச் சுவர் வழியாகப் பிடித்துக் காருக்குக் கடத்துகிறது. அதனால் சாவியை, சிக்னலை வெளியே விடாத உறைக்குள் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கில் பழைய இரும்புப் பூட்டை மறுபடியும் மாட்டச் சொல்லுங்கள், அதை எந்தப் பெட்டியாலும் திறக்க முடியாது. காருக்குள் ஒளித்து வைக்கும் மறைவு சுவிட்சுக்கும் இன்னும் ஆயுள் இருக்கிறது. ரமேஷ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு, புதிதாகச் சேர்ந்தவர்கள் வாடிக்கையாளர் மோகன் சார் காரைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாமளாபுரம். அப்பா விசைத்தறி ஓட்டினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பூரில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் சேர்ந்தேன். பேட்டரி ஆசிட் பட்டு என் சட்டைகளெல்லாம் சல்லடையான வருடங்கள் அவை. செல்ஃப் மோட்டாரைப் பிரிப்பது, டைனமோவைச் சரிபார்ப்பது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது, இவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது. அதற்குள் ஊரில் பனியன் கம்பெனிகள் பெருகின. கார்கள் பெருகின. காணாமல் போகும் கார்களும் பெருகின. அப்போதுதான் சென்னியப்பன் இந்தக் கடையைத் தொடங்கி, ஒயரிங் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்.

சென்னியப்பன் குண்டடம் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம்பி காட்டைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் தொழில் செய்ய டவுனுக்கு வந்தார். ஒல்லியான ஆள். கையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. வயதில் எங்களுக்கு மூத்தவர், கடைக்கும் முதலாளி. ஆனாலும் எங்கள் எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். டீ கொண்டுவருகிறவரிடமும் அப்படித்தான், வாங்கவந்து வம்பு வளர்க்கும் வாடிக்கையாளரிடமும் அப்படித்தான். தப்பாகச் செய்த வேலையைப் பார்த்தால் திட்டமாட்டார். “சவரிமுத்து, இந்த ஒயரு கொஞ்சம் எட்டிப் பாக்குதுங்களே” என்று என்னிடம் சொல்வார். அன்று முழுக்க நமக்குச் சோறு இறங்காது.

அவர் வகுத்த முறைகள் சில உண்டு. வண்டி உள்ளே வந்ததும் பானெட்டைத் திறக்கக் கூடாது. முதலில் சொந்தக்காரரை உட்காரவைத்துப் பேச வேண்டும். பகலில் வண்டி எங்கே நிற்கும், ராத்திரி எங்கே நிற்கும், உங்களைத் தவிர வேறு யார் ஓட்டுவார்கள் என்று கேட்க வேண்டும். கம்பெனி கேட்டுக்குள் வாட்ச்மேன் கண் பார்வையில் நிற்கும் காருக்கு ஒரு பூட்டு. கல்யாண மண்டபத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையும் காருக்கு வேறு பூட்டு. விலை அதிகமான கருவியைத் தலையில் கட்டுவது அவருக்குப் பிடிக்காது.

மறைவு சுவிட்ச் பொருத்துவதென்றால் அது தனிச் சடங்கு. சுவிட்சைப் போடாமல் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் ஒரு காரில் வைத்த இடத்தில் இன்னொரு காரில் வைக்கக் கூடாது. நாங்கள் இழுக்கும் ஒயர், கம்பெனியிலிருந்து வந்த ஒயரோடு ஒயராகப் படுத்துக் கிடக்க வேண்டும். முறுக்கிவிட்டு டேப் சுற்றினால் ஒப்புக்கொள்ளமாட்டார், ஈயம் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும் டீ கிளாஸோடு வந்து டிரைவர் சீட்டில் உட்காருவார். நாங்கள் எல்லாரும் வெளியே நிற்போம். அவர் திருடனாக மாறி அந்தச் சுவிட்சைத் தேடுவார். டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டால் மொத்தத்தையும் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் இறங்கி வந்து ஆறிப்போன டீயைச் சந்தோஷமாகக் குடிப்பார். சொந்தக்காரரை மட்டும் தனியாக அழைத்துச் சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காட்டுவோம். அந்த இடத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

இந்த முறையால் ஒருமுறை எனக்கு நல்ல வசவு கிடைத்தது. சாமளாபுரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறிப் போக வேண்டிய கார் நாங்கள் சுவிட்ச் பொருத்திய கார். பூவெல்லாம் சுற்றி வாசலில் நிற்கிறது, கிளம்ப மாட்டேன் என்கிறது. சொந்தக்காரருக்குக் கல்யாணப் பரபரப்பில் சுவிட்ச் எங்கே என்பதே மறந்துபோய்விட்டது. மண்டபத்திலிருந்து கடைக்குப் போன் செய்து, “எங்க வெச்சீங்க, சொல்லுங்க” என்று கத்துகிறார். குரல் அவருடையதுதான், சொல்லிவிடலாமா என்று சென்னியப்பனிடம் கேட்டேன்.

“குரலு அவருதாத்தானுங்க இருக்கும். பக்கத்துல எத்தன காது நிக்குதுன்னு நமக்குத் தெரியுங்களா?” என்றார் அவர்.

என் மொபெட்டிலேயே சாமளாபுரத்துக்கு ஓடினேன். நல்ல நேரம் தாண்டப் போகிறதென்று பெண் வீட்டார் என்னைப் பிடித்து ஏசினார்கள். எல்லாரையும் நகரச் சொல்லிவிட்டு, முழங்காலால் மறைத்தபடி சுவிட்சைப் போட்டு வண்டியைக் கிளப்பினேன். மாப்பிள்ளை கைதட்டினார். சொந்தக்காரர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தார். அந்த வருடமே அவருடைய உறவினர்கள் பலர் எங்கள் கடைக்கு வண்டி கொண்டுவந்தார்கள்.

பிறகு ஜி.பி.எஸ். கருவிகள் வந்தன. சிம் கார்டு போட்ட சின்னப் பெட்டி. காருக்குள் எங்காவது மறைத்துவிட்டால், கடையில் இருக்கும் கணினித் திரையில் வரைபடத்தின் மேல் கார் ஒரு புள்ளியாகத் தெரியும். என்ன வேகத்தில் போகிறது என்பதும் தெரியும். இன்ஜின் ஓடினால் புள்ளி பச்சை, அணைந்தால் சிவப்பு. கடையில் உட்கார்ந்தபடியே இன்ஜினை நிறுத்தலாம், கதவுப் பூட்டைத் திறக்கலாம், சைரனை அலறவிடலாம். திருடன் ஓட்டிப் போகும்போதே வண்டியைப் படக்கென்று நிறுத்திவிடலாம் என்பதுதான் எல்லாக் கடைக்காரர்களும் சொல்லி விற்ற பெருமை. நானும் அதைச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

சென்னியப்பன் ஒருநாள் என்னை அருள்புரம் தாண்டி ஒரு காலி மைதானத்துக்கு அழைத்துப் போனார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் அமர்ந்து செல்பேசியிலிருந்து கட்டளை அனுப்பினார். இன்ஜின் செத்தது. அடுத்த நொடி ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தால்தான் கொஞ்சம் திரும்புகிறது. பிரேக்கை முதல்முறை மிதித்தபோது பிடித்தது. அடுத்தடுத்து மிதித்தபோது மரக்கட்டையை மிதிப்பது போல இருந்தது. மைதானத்து ஓரத்து முள்வேலி எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. ஒருவழியாக நின்றபோது எனக்கு வேர்த்து ஒழுகியது.

“இது மைதானமுங்க. ரோட்டுல முன்னாடி பஸ்ஸு வரும். அப்பறம் உள்ள இருக்கறது திருடனா நம்மாளான்னு பாத்தா அடிபடும்? ஓடற வண்டிய நாம நிறுத்தக் கூடாதுங்க” என்றார்.

அன்று முதல் அது கடையின் சட்டமானது. வண்டி தானாக நின்ற பிறகுதான் இன்ஜினைத் துண்டிக்கலாம். அப்படி நின்ற வண்டிகள் பலவற்றைத் துண்டித்திருக்கிறோம், போலீஸார் போய் எடுத்து வந்திருக்கிறார்கள். எல்லாம் சுமுகமாகவே முடிந்தன, மோகனின் கார் போகும்வரை.

கொரோனா அடங்கி கம்பெனிகள் மறுபடியும் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிய பிறகு வந்த கோடை அது. மதிய வெயிலில் சாலையே நெளிவது போலத் தெரிந்தது. ஒரு டி.வி.எஸ். வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஏதோ ஒரு கம்பெனியின் வாட்ச்மேன். பின்னாலிருந்து குதித்து ஓடி வந்தவர் மோகன். அருள்புரத்தில் சிறிய பனியன் கம்பெனி நடத்துபவர், எங்கள் வாடிக்கையாளர். காலில் செருப்பு இல்லை.

“காரு போச்சுங்கண்ணா. பாப்பா உள்ள இருக்கறா” என்றார்.

நடந்ததை வாட்ச்மேன்தான் சொன்னார். மோகன் தன் நாலு வயது மகளை அம்மாவைப் பெற்ற அம்மாயியின் வீட்டிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தார். பாப்பா பின் சீட்டில் தூங்கிவிட்டாள். வழியில், அந்த வாட்ச்மேன் வேலை பார்க்கும் கம்பெனியின் கேட்டில் ஒரு சாம்பிள் பையைக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுப்ப மனமில்லாமல், வேர்க்கக் கூடாதென்று இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு இறங்கியிருக்கிறார். பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கார் நகர்ந்துகொண்டிருக்கிறது. செருப்பு கழன்று விழ, கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடியிருக்கிறார். செல்பேசி காருக்குள் சார்ஜில் கிடக்கிறது. இருவரும் வாட்ச்மேனின் வண்டியில் துரத்தி, காரைத் தவறவிட்டு, நேராக எங்களிடம் வந்திருக்கிறார்கள்.

திரையைத் திறந்தேன். புள்ளி பல்லடத்தைத் தாண்டி, தாராபுரம் சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பச்சை. உடனே போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். எங்களுக்கு முன்பே பழக்கமான பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் எடுத்தார். விவரம் சொன்னதும், “இன்ஜினை உடனே கட் பண்ணுங்க, நாங்க கிளம்பிட்டோம்” என்றார். மோகனும் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்க” என்று மவுஸைப் பிடுங்கப் பார்த்தார். சென்னியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். திரைக்கு முன் உட்கார்ந்திருந்தவன் நான்.

இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னேன். இந்த வேகத்தில் நிறுத்தினால் அவனால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது, எதிரே லாரியும் பஸ்ஸும் வரும் சாலை, குழந்தை பெல்ட் போடாமல் படுத்திருக்கிறது. அவன் எங்காவது நிறுத்திய பிறகு துண்டிக்கலாம் என்றால் அதில் வேறு ஆபத்து இருக்கிறது. வண்டி கிளம்பாவிட்டால் பூட்டிவிட்டு ஓடிவிடுவான். ஏசி நின்று, கண்ணாடி ஏற்றிய காருக்குள் இந்த வெயிலில் ஒரு குழந்தை எவ்வளவு நேரம் தாங்கும்? இப்போதைக்கு அந்த இன்ஜின் ஓடுவதால்தான் அவளுக்குக் காற்று வருகிறது.

மறுமுனையில் ஜீப் கதவு அடைபடுவது கேட்டது. பிறகு இன்ஸ்பெக்டர் சொன்னார்: “சரி, நிறுத்த வேண்டாம். வண்டி உங்க கண்ணுக்குத்தான் தெரியுது. எங்க ஆளுங்க எங்க நிக்கணும்னு நீங்க சொல்லுங்க. ஜீப்பு சத்தம் போடாம வரும். போனை வைக்காதீங்க.”

அவர் கோபித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் யோசிப்பதுண்டு. அவர் கோபிக்கவில்லை. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

சென்னியப்பன் மோகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. காருக்குள் இருக்கும் உங்கள் செல்பேசி, காரின் ஸ்பீக்கரோடு சேர்ந்திருக்கிறதா? ஆமாங்க, என்றார் மோகன். சென்னியப்பன் தன் செல்பேசியை மேசைமேல் வைத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, அந்த எண்ணை அழைத்தார். மணி அடித்தது. துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தார். மறுபடியும் துண்டிக்கப்பட்டது. செல்பேசியை ஜன்னல் வழியாக எறிந்துவிடுவானோ என்று எனக்குப் பயம். அடுத்த முறை எடுத்தான். ஏசிக் காற்றின் இரைச்சலும், கடந்து போகும் ஒரு லாரியின் ஹாரனும் கேட்டன.

“தம்பி, வெச்சறாதீங்க. இந்தக் காருக்குப் பூட்டுப் போட்ட கடைக்காரனுங்க நான். ஒரே ஒரு விசயம் சொல்லோணும். பின்னாடி சீட்டுல ஒரு கொழந்த தூங்குதுங்க. மெதுவாப் போயிட்டே திரும்பிப் பாருங்க.”

கடையில் பேசும் அதே குரல். ஒரு சொல்லில்கூட பதற்றமில்லை. திரையில் வேகம் குறையத் தொடங்கியது. பிறகு ஒரு இளம் குரல் கேட்டது.

“அய்யோ. நான் பாக்கலீங்க.”

“தெரியுமுங்க. பாத்திருந்தா எடுத்திருக்க மாட்டீங்க.”

“போலீஸு வருதா?”

“வருதுங்க. இல்லீன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அவுங்க மொதல்ல ஓடறது கொழந்தகிட்டத்தானுங்க. நீங்க நெழலாப் பாத்து நிறுத்திப்போட்டு எறங்கிப் போயிருங்க. வண்டிய மட்டும் அணைக்காதீங்க. ஏசி ஓடோணும். கதவயும் பூட்டிப்போடாதீங்க.”

இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் என் செல்பேசி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க, திருடன் கையில் இன்ஜின் ஓடக் கூடாது என்பதற்காகவே ஒயர் இழுத்தவர்கள் நாங்கள். இன்ஜினை ஓடவிடும்படி என் முதலாளி ஒரு திருடனைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். நானும் மனசுக்குள் அதையேதான் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

புள்ளி குண்டடத்துக்கு முன்பாகவே சாலையை விட்டு விலகி, ஒரு மண்பாதைக்குள் நுழைந்தது. சுற்றிலும் காடுகரைகள். நின்றது. சில நொடிகள் பச்சையாகவே இருந்தது. நான் மூச்சு விட்டேன். அப்போது புள்ளி சிவப்பானது.

இன்ஜினை அணைத்துவிட்டான். கதவு அடைபடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அதோடு அவன் போய்விட்டான், அழைப்பு மட்டும் அறுபடாமல் இருந்தது. மோகனுக்கும் சிவப்பென்றால் என்னவென்று தெரியும். பொருத்திக் கொடுத்த நாளில் நான்தான் விளக்கியிருந்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதவைத் திறக்கும் கட்டளையை அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று உடனே தெரியவில்லை. அந்தப் பக்கம் எப்போதும் சிக்னல் சுமார்தான். திறந்தாலும் என்ன? பின் கதவுகளில் குழந்தைப் பூட்டு போட்டிருப்பதாக மோகன் சொன்னார். அவளாக உள்ளிருந்து திறக்க முடியாது. ஜீப் வந்து சேர இன்னும் நேரமாகும். சென்னியப்பன் இன்னொரு செல்பேசியில் தன் தம்பியை அழைத்து, எந்தப் பாதை, எந்த வாய்க்கால் ஓரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியும் வண்டியை எடுத்துவிட்டார். ஆனால் அவரும் வந்து சேர வேண்டுமே.

மீதமிருந்தது சைரன். அடித்தால் அக்கம்பக்கத்தில் யாராவது இருந்தால் வருவார்கள். தூங்கும் குழந்தை மூடிய காருக்குள் அந்த அலறலில் எழுந்தால் நடுங்கிப்போவாள், இன்னும் வேர்ப்பாள். யாருமே இல்லாத காடாக இருந்தால் அது வெறும் சித்திரவதை. சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் சரியென்று தலையசைத்தார். அழுத்தினேன்.

சைரன் ஸ்பீக்கர் வழியாக எங்கள் கடையையே நிறைத்தது. அதற்கு நடுவே குழந்தையின் அழுகை. “அப்பா” என்று ஒரே கத்தல். மோகன் தரையிலிருந்து எழுந்து மேசைமேல் குனிந்தார்.

“கண்ணு, அப்பா இங்கதான் இருக்கறேன். பயப்படாத கண்ணு.”

“சத்தம் வேண்டாம்ப்பா. நிறுத்தச் சொல்லுப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. நான் நிறுத்தவில்லை. அவள் அழ அழ, நான் நிறுத்தவில்லை. என் வேலைக்காலத்தில் அதைவிட நீண்ட நேரம் எனக்கு வாய்த்ததில்லை. உண்மையில் அது கொஞ்ச நேரமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஒரு பெண் குரல்.

“ஏங்கண்ணு அழுவற, வா வா, எங்கிட்ட வா. ஏனுங்க, யாரூட்டுக் கொழந்தைங்க இது? காருக்குள்ள ஒத்தையில அழுவுதுங்களே?”

காருக்குள் எங்கள் குரல் கேட்டதால், காருக்குள் ஆள் இருப்பதாக நினைத்துக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லும் முன் சென்னியப்பன் என்னிடம் சொன்னார்: “சவரிமுத்து, சைரன நிறுத்திப்போடுங்க. கொழந்தைக்குக் காது வலிக்கும்.”

நிறுத்தினேன். கதவு திறக்கிறதா, திறக்காவிட்டால் கல்லால் கண்ணாடியை உடைத்துவிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை இடைமறித்தார்.

“கண்ணாடியெல்லாம் எறங்கித்தானுங்க இருக்குது. நாலு பக்கமும் தொறந்து கெடக்குது. வேப்ப மரத்தடியிலதானுங்க நிக்குது. கொழந்த என்ர இடுப்புலதான் இருக்கறா.”

மோகன் வாட்ச்மேனைக் கட்டிக்கொண்டு அழுதார். வாட்ச்மேனும் அழுதார். செல்பேசியில் இன்ஸ்பெக்டர், “கேட்டுச்சு, கேட்டுச்சு” என்று இரண்டு தடவை சொன்னார். சென்னியப்பன் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

கடைக் காரிலேயே எல்லாரும் போனோம். மோகனை ஓட்ட விடவில்லை. போகும் வழியில் அவர் மனைவியை ஏற்றிக்கொண்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் வந்திருந்தது, சென்னியப்பனின் தம்பியும் வந்திருந்தார். பாப்பா அந்த அம்மா குடியிருக்கும் ஓலைச் சாளைக்கு வெளியே, ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து டம்ளரில் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். தன் அம்மாவைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மடியிலேயே மறுபடி தூங்கிப்போனாள். காரின் சாவி டிரைவர் சீட்டின் மேல் கிடந்தது.

அந்த ஆள் சில நாட்களில் பிடிபட்டான். முன்பு ஒரு கம்பெனியில் வேன் ஓட்டியவனாம். இன்ஜின் ஓடியபடி நிற்கும் காரைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போனது என்றானாம். இன்ஸ்பெக்டர் ஒரு மாலை கடைக்கு வந்தபோது இதைச் சொன்னார். ஏசி ஓடட்டும் என்று அவ்வளவு கெஞ்சியும் ஏன் அணைத்தாய் என்று அவனிடம் கேட்டிருக்கிறார். குழந்தை எழுந்து முன் சீட்டுக்கு ஏறிவந்து கியரைப் பிடித்து இழுத்துவிட்டால், பக்கத்தில் வாய்க்கால் இருக்கிறதே என்று பயந்தேன், அதனால்தான் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, அணைத்துவிட்டுப் போனேன் என்றிருக்கிறான்.

நானும் சென்னியப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்ஜினைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் கியர் தோன்றவில்லை. சென்னியப்பன் இன்ஸ்பெக்டரிடம், கோர்ட்டில் அவன் செய்த தப்பைச் சொல்கிற இடத்தில் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மோகன் புகாரைத் திரும்பப் பெறவில்லை. பெற வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. ஆனால் விசாரித்தபோது கண்ணாடி இறங்கியிருந்ததை அவரே முதலில் சொன்னாராம்.

அதற்குப் பிறகு எங்கள் கேள்விகளோடு இன்னொன்றும் சேர்ந்தது. வண்டியை ஓடவிட்டு இறங்கும் பழக்கம் உண்டா என்று எல்லாரிடமும் கேட்போம். உண்டு என்று ஒப்புக்கொள்கிறவர்கள் நிறைய. பேக்கரி வாசலில், ஏ.டி.எம். வாசலில், கம்பெனி கேட்டில், ஒரு நிமிடம்தானே என்று இறங்கிவிடுகிறார்கள். சாவியைக் கையில் எடுங்கள், பின் சீட்டைத் திரும்பிப் பாருங்கள், ஆளிருந்தால் தூக்கிக்கொண்டு இறங்குங்கள் என்று சொல்லி அனுப்புவோம். புதிய ஃபிட்டர்களே, பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சாவி நம் சட்டைப் பையில் இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கார் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சென்னியப்பன் இப்போது கடையைத் தன் மகளிடம் ஒப்படைத்துவிட்டார். டீ கிளாஸோடு திருடனாக உட்காரும் வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்கு இன்றும் அவரே வருகிறார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு மோகன் ஒரு புதுக் காரோடு வந்தார். கூடவே பாப்பாவும் வந்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள், முன் பல் விழுந்திருந்தது. அவள் அந்தக் காருக்குள் முன்னும் பின்னும் தாவி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சைரன் சத்தம் அவள் கனவில் வருமோ என்ற கேள்வி எனக்குள் ரொம்ப நாளாகவே இருந்தது. கேட்கவும் தைரியமில்லை, கேட்காமல் விடவும் முடியவில்லை. அன்றைக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா கண்ணு என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

“இருக்குதுங்களே” என்றாள். “ஒரு ஆட்டுக்குட்டி வந்து என்ர காலை நக்குச்சு. கூச்சமா இருந்துச்சு.”

வேறென்ன என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, ஹாரனை அடித்துப் பார்க்க ஓடினாள்.